ஆர்சனிக் நீக்கும் ஆலைகளை யார் நடத்துவது?

குடிநீரில் கரைந்துவரும் ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை. ஒரு லிட்டர் நீரில் அது 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1993இல் வழிகாட்டு அளவை வகுத்தது. அதற்கு முன்பு அந்த அளவு 50 மைக்ரோகிராமாக இருந்தது. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். இந்தியாவின் குடிநீர்த் தரமும் இன்று 10 மைக்ரோகிராமையே வரம்பாகக் கொண்டிருக்கிறது. வங்கதேசத்தில் 50 மைக்ரோகிராம் வரம்பே நீடிக்கிறது.

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய ஆறுகள் உருவாக்கிய வங்கச் சமவெளியில் 10 மைக்ரோகிராமைப் போலப் பத்து, இருபது மடங்கு ஆர்சனிக் உள்ள கிணறுகள் ஏராளம். பெருநகரம் என்றால் ஆற்றுநீரைச் சுத்திகரித்துக் குழாய்களில் அனுப்பிவிடலாம். ஒரே ஒரு அடிபம்பை நம்பியிருக்கும் இருநூறு, முந்நூறு குடும்பங்களுக்கு அந்த வழி எளிதில் வாய்ப்பதில்லை. அவர்களுக்காகச் சிறு ஆலைகள் நிறுவும் முயற்சி கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கிறது. ஆர்சனிக்கை நீக்கும் வேதியியல் இப்போது ஓரளவு கைவந்துவிட்டது. ஆலையைப் பத்து, இருபது ஆண்டுகள் இடைவிடாமல் நடத்தும் ஏற்பாடுதான் இன்னும் கைகூடவில்லை. திட்டங்கள் தோற்ற இடங்களையும் வென்ற இடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

மண்ணிலிருந்து நீருக்கு

வங்கச் சமவெளியின் ஆர்சனிக் எந்தத் தொழிற்சாலையின் கழிவும் அல்ல. இமயமலைப் பாறைகள் சிதைந்து வண்டலாக ஆறுகளில் வந்தபோது, மணல் துகள்களின் மேல் படிந்த இரும்புத் துருவில் ஒட்டிக்கொண்டு ஆர்சனிக்கும் வந்து சேர்ந்தது. காற்றோட்டம் இருக்கும்வரை அது துருவை விட்டுப் பிரிவதில்லை. வண்டலோடு புதைந்த தாவர எச்சங்களை நிலத்தடி நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அங்குள்ள ஆக்ஸிஜன் தீர்ந்துபோகிறது. அதன்பின் அந்த நுண்ணுயிரிகள் ஆக்ஸிஜனுக்குப் பதிலாக இரும்புத் துருவைப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. துரு கரைகிறது, அதைப் பற்றியிருந்த ஆர்சனிக்கும் நீரில் கலக்கிறது. 1998இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு முன்வைத்த இந்த விளக்கம் பின்னர் பரவலாக ஏற்கப்பட்டது.

நிலவியல் நோக்கில் இளையதான சாம்பல் நிற மணல் அடுக்குகளிலேயே இது பெரும்பாலும் நிகழ்கிறது. அவற்றுக்குக் கீழே இருக்கும் பழைய, பழுப்பு நிற மணல் அடுக்குகளில் ஆர்சனிக் பொதுவாகக் குறைவு. இடத்துக்கு இடமும் அளவு மாறும். ஒரு வீட்டுக் கிணறு கெட்டிருக்க, அதிலிருந்து நூறடி தள்ளியுள்ள கிணறு நல்ல நீரைத் தருவதும் உண்டு.

1970களில் குளம், குட்டை நீரால் பரவிய வயிற்றுப்போக்கையும் காலராவையும் தடுக்க, யுனிசெஃப் துணையோடு வங்கதேசத்தில் குழாய்க் கிணறுகள் பெருமளவில் இறக்கப்பட்டன. நிலத்தடி நீர் தூய்மையானது என்ற நம்பிக்கையில் அதில் ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த தோல் மருத்துவர் கே.சி. சாகா, மேற்கு வங்க கிராமத்தினரின் தோல் புள்ளிகளுக்குக் கிணற்று நீரே காரணம் என்று கண்டறிந்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி 1988 முதல் ஊர் ஊராக நீரைச் சோதித்து, பாதிப்பின் பரப்பை வெளியே கொண்டுவந்தார். வங்கதேசத்தில் 1993இல் முதல் கிணறு அடையாளம் காணப்பட்டது. 1998-99இல் பிரிட்டன் நிலவியல் ஆய்வகமும் வங்கதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் 3,534 கிணறுகளில் மாதிரி எடுத்தன. ஆழம் குறைந்தவற்றில் 27% கிணறுகள் 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. அந்த அளவுக்கு மேல் குடித்தவர்கள் சுமார் மூன்றரைக் கோடிப் பேர் என்று மதிப்பிடப்பட்டது. ஒரு மக்கள்தொகை மொத்தமாக நஞ்சுக்கு ஆளான நிகழ்வுகளில் வரலாற்றிலேயே மிகப் பெரியது இது என்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஆலன் ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் எழுதினர்.

இந்த நஞ்சு உடனே கொல்வதில்லை. உடலில் கரும்புள்ளிகளும், உள்ளங்கையிலும் பாதத்திலும் காய்ப்புகளும் தோன்றப் பல ஆண்டுகள் ஆகும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வர அதைவிடக் கூடுதல் காலம் ஆகும். இதயநோய் அபாயமும் கூடுகிறது. நோயை முற்றிலும் மாற்றும் மருந்து இல்லை; நீரை மாற்றுவதே முதல் சிகிச்சை. கொதிக்க வைப்பதால் பயனில்லை. நீர் ஆவியாவதால் மீதமுள்ள நீரில் ஆர்சனிக்கின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

நீக்குவதா, நீரை மாற்றுவதா?

ஆலை நிறுவும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஆலை தேவைதானா என்பது. வங்கதேசத்தில் ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, குழாய் முனையில் பச்சை அல்லது சிவப்பு வண்ணம் பூசப்பட்டது. சுமார் 14 லட்சம் கிணறுகளுக்குச் சிவப்பு விழுந்தது. பக்கத்திலேயே பச்சைக் கிணறு இருந்த ஊர்களில் பலர் அதற்கு மாறினார்கள். செலவுக்கு ஒப்பிட்டால் இந்த அளவுக்குப் பலன் தந்த நடவடிக்கை வேறில்லை என்றே சொல்லலாம்.

இரண்டாவது வழி, 150 மீட்டருக்கும் கீழே உள்ள பழைய மணல் அடுக்குவரை ஆழ்துளைக் கிணறு இறக்குவது. பெரும்பாலான இடங்களில் அந்த நீரில் ஆர்சனிக் குறைவு. ஆனால் கிணற்றின் மேற்பகுதி சரியாக அடைக்கப்படாவிட்டால் மேலடுக்கு நீர் கீழே கசியும். ஆழ்நீரைப் பாசனத்துக்கும் உறிஞ்சத் தொடங்கினால் மேலிருக்கும் நஞ்சு நாளடைவில் கீழே இழுக்கப்படும். கிணறு எங்கே இறங்குகிறது என்பதும் முக்கியம். அரசு இறக்கிய ஆழ்கிணறுகள் தேவைப்பட்ட ஊர்களை விட்டு அரசியல் செல்வாக்கு உள்ளவர்களின் வீட்டருகே போய்ச் சேர்ந்ததை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்தது. அப்போதும் சுமார் இரண்டு கோடிப் பேர் அந்நாட்டின் வரம்புக்கு மேற்பட்ட நீரையே குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆற்றுநீர்க் கூட்டுத் திட்டம், மழைநீர்ச் சேமிப்பு, குளத்து நீரை மணலில் வடிக்கும் தொட்டி ஆகியவை மற்ற வழிகள். முதலாவதற்குப் பெரும் பணமும் ஆண்டுகளும் தேவை. இரண்டாவது கோடையில் தீர்ந்துவிடும். மூன்றாவதில் கிருமிகள் திரும்பி வரும் அபாயம் உண்டு. இவை எதுவும் பொருந்தாத ஊர்களுக்கும், பெரிய திட்டம் வந்து சேரும்வரை காத்திருக்கும் ஊர்களுக்கும்தான் ஆர்சனிக்கை நீக்கும் சிற்றாலை தேவைப்படுகிறது.

இரும்பின் இரட்டை வேடம்

நிலத்தடியில் ஆர்சனிக்கைக் கைவிட்ட அதே இரும்புத் துருதான், நிலத்தின் மேல் அதைப் பிடிக்கவும் உதவுகிறது. அனேகமாக எல்லாச் சிற்றாலைகளும் இந்த ஒரே அடிப்படையில்தான் இயங்குகின்றன. ஆனால் ஒரு தடை உண்டு. நிலத்தடி நீரில் ஆர்சனிக் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஆக்ஸிஜன் அற்ற ஆழத்திலிருந்து வருவதில் பெரும்பகுதி ஆர்சனைட். சாதாரண நீரில் இதற்கு மின்னூட்டம் இல்லாததால் துருவிலோ அலுமினாவிலோ எளிதில் ஒட்டாது. ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் அது ஆர்சனேட் ஆகிறது. அதற்கு எதிர்மின்னூட்டம் உண்டு, நன்றாக ஒட்டும். பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரினும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் இந்த மாற்றத்தை விரைவில் செய்து முடிக்கும். காற்று மட்டும் படுமாறு விட்டால் வெகுநாள் ஆகும். இந்தப் படியைத் தவிர்க்கும் ஆலை விளம்பரப்படுத்திய திறனை எட்டாமல் போகலாம்.

அடுத்த படி மூன்று வகையில் நடக்கிறது. முதல் வகையில் இரும்பு உப்பையோ படிகாரத்தையோ நீரில் கலந்து, ஆர்சனிக் ஒட்டிய கசடு திரண்டதும் மணலில் வடிக்கிறார்கள். பொருள்செலவு குறைவு, ஆனால் தினமும் மருந்தை அளந்து கலக்க ஆள் வேண்டும். இரண்டாம் வகையில் ஆர்சனிக்கைப் பற்றும் துகள்கள் நிரம்பிய உருளை வழியாக நீர் செல்கிறது. ஆக்டிவேட்டட் அலுமினா, துகள் வடிவ இரும்பு ஹைட்ராக்சைடு ஆகியவை இதில் பயன்படுகின்றன. நடத்துவது எளிது, ஆனால் துகள்கள் நிறைவுற்ற நாளிலிருந்து ஆர்சனிக் அப்படியே கடந்து வரும். நீரின் நிறமோ சுவையோ மாறாததால் அந்த நாளைச் சோதனை இல்லாமல் அறிய முடியாது. மூன்றாம் வகை, தமிழகத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமான ஆர்ஓ. ஆர்சனேட்டை இது நன்றாகத் தடுக்கும். ஆர்சனைட்டை அந்த அளவுக்குத் தடுக்காது. உள்ளே போகும் நீரில் ஒரு பகுதியை, முன்னைவிடச் செறிந்த நஞ்சுடன் கழிவாகவும் வெளியேற்றும். மின்தடை மிகுந்த சிற்றூரில் அது முதல் தெரிவாக இருக்க முடியாது.

நீரில் கூடவே வரும் பிற பொருள்களும் ஆலையின் திறனைக் குலைக்கும். பாஸ்பேட் வேதியியல் நடத்தையில் ஆர்சனேட்டை ஒத்தது. துருவில் அதற்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிலிக்காவும் அவ்வாறே இடையூறு செய்யும். நீரின் காரத்தன்மை கூடினால் அலுமினாவின் பற்றும் திறன் வேகமாகச் சரியும். இயற்கையாகவே இரும்பு மிகுந்த நீரில், காற்றோட்டமும் மணல் வடிப்புமே ஆர்சனிக்கில் கணிசமான பகுதியை நீக்கிவிடலாம். இரும்பு குறைந்த நீரில் அது நடக்காது. ஆகவே ஓர் ஊரில் வென்ற ஆலை அடுத்த ஊரிலும் வெல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நீரின் முழுப் பகுப்பாய்வு கைக்கு வரும் முன்பே டெண்டர் விடுவது, நோயை அறியாமல் மருந்து எழுதுவதற்கு ஒப்பானது.

தோற்ற ஆலைகள் சொல்வது

தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் பாருய்ப்பூர் பகுதியில் 2001 ஆகஸ்டில் உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனங்கள் பதினொன்றின் ஆலைகள் ஒப்பீட்டுக்காக நிறுவப்பட்டன. ஜாதவ்பூர் பல்கலைக்கழகக் குழு இரண்டு ஆண்டுகள் அவற்றின் நீரைச் சோதித்து 2005இல் முடிவுகளை வெளியிட்டது. 10 மைக்ரோகிராம் என்ற அளவை எந்த ஆலையாலும் தொடர்ந்து காக்க முடியவில்லை. அன்றைய இந்திய வரம்பான 50 மைக்ரோகிராமுக்குள் ஆய்வுக்காலம் முழுவதும் நின்றவை இரண்டு மட்டுமே. ஒரே நிறுவனத்தின் ஆலைகளுக்கு இடையேகூடத் திறன் வேறுபட்டது. ஆய்வு முடிந்தபோது 19 ஆலைகளில் 15 பயன்பாட்டில் இல்லை.

இந்தத் தோல்வியை வெறும் வேதியியல் தோல்வி என்று ஒதுக்க முடியாது. இரும்பு மிகுந்த நீர் உருளைகளை அடைத்துக்கொள்ளும். அவற்றைத் தவறாமல் எதிர்த்திசையில் நீர் செலுத்திக் கழுவ வேண்டும். அடைப்பு கூடினால் அடிபம்பை அடிப்பது கடினமாகும்; குடம் நிறைய நேரமாகும்; பெண்கள் பழைய கிணற்றுக்கே திரும்புவார்கள். வால்வு உடைந்தால் மாற்ற ஊரில் பொருள் கிடைக்காது. துகள்கள் தீர்ந்தால் புதிதாக வாங்க யாரிடமும் பணம் ஒதுக்கியிருக்காது. நிறுவுவதற்கான தொகை மட்டுமே திட்டச் செலவாகக் கணக்கிடப்பட்டால், ஆலை திறந்த நாளிலிருந்தே அது அனாதையாகிறது.

கெட்ட ஆலையைவிட ஆபத்தானது, கெட்டது தெரியாமல் ஓடும் ஆலை. சிவப்பு பூசிய கிணற்றை மக்கள் தவிர்ப்பார்கள். சோதிக்கப்படாத ஆலையின் நீரை நம்பிக் குழந்தைக்கும் கொடுப்பார்கள்.

நிலைத்த முயற்சிகள்

அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகப் பேராசிரியர் அரூப் சென்குப்தாவும் ஹவுராவின் வங்காளப் பொறியியல் கல்லூரியும் சேர்ந்து 1997 முதல் மேற்கு வங்க ஊர்களில் நிறுவிய உருளைகள் வேறு பாதையைக் காட்டின. அடிபம்பின் தலையிலேயே பொருத்தப்படும் இவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை. உருளையின் மேற்பகுதியில் நீர் காற்றோடு தெறித்து விழும்போது அதிலுள்ள இரும்பு துருவாகி ஆர்சனிக்கில் ஒரு பங்கைப் பிடிக்கிறது. மீதியைக் கீழேயுள்ள அலுமினா பிடிக்கிறது. தீர்ந்த அலுமினாவை எறிவதில்லை. அதை ஒரு மைய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் கழுவித் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஊர்க் குழுவொன்று குடும்பங்களிடம் மாதச் சந்தா வசூலித்துப் பராமரிப்பாளருக்குச் சம்பளம் தருகிறது. இந்த முயற்சிக்கு 2007இல் அமெரிக்கப் பொறியியல் அகாதெமியின் கிரெய்ஞ்சர் போட்டியில் வெள்ளிப் பரிசு கிடைத்தது. தங்கப் பரிசும் பத்து லட்சம் டாலரும் பெற்றது, வங்கதேசத்தில் பிறந்த வேதியியலர் அபுல் ஹுசாமின் சோனோ வடிகட்டி. இரும்புக் கலவை, மணல், கரி, செங்கல் துண்டுகள் நிரப்பிய இரு வாளிகளால் ஆன அது ஒரு வீட்டுக்கானது.

பாருய்ப்பூர் பகுதியில் உள்ள தப்தபி உயர்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆலை 2016 முதல் இயங்கியது. அமெரிக்காவின் பெர்க்லியில் அசோக் காட்கில் குழு உருவாக்கிய மின்வேதியியல் முறையை ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அங்கே நிறுவினார்கள். இரும்புத் தகடுகளில் சிறு மின்னழுத்தம் செலுத்தும்போது தகடு கரைந்து துருவாகிறது. இரும்பு உப்பைக் கடையில் வாங்கிக் கலக்க வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 10,000 லிட்டர் திறன் கொண்ட அந்த ஆலை, சுமார் 250 மைக்ரோகிராம் ஆர்சனிக் கொண்ட நீரை 10 மைக்ரோகிராமுக்கும் கீழே கொண்டுவந்தது.

சென்னை ஐஐடியில் தலப்பில் பிரதீப் தலைமையில் உருவான ‘அம்ரித்’ இந்த வரிசையில் தமிழகத்தின் பங்கு. இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானில் நுண்ணிய இரும்பு ஆக்ஸிஹைட்ராக்சைடு துகள்களைச் சிறைப்பிடித்துச் செய்த பொருள் இது. ஆர்சனைட், ஆர்சனேட் இரண்டையுமே பற்றுவது இதன் சிறப்பு. வீட்டு வடிகட்டியாகவும் ஊர் ஆலையாகவும் பல மாநிலங்களில் இது நிறுவப்பட்டிருக்கிறது.

இந்த மூன்று ஊர் ஆலைகளின் வேதியியலும் ஒன்றுக்கொன்று வேறு. அவற்றில் நிலைத்து நின்றவற்றுக்குப் பொதுவானவை வேறு சில: பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரு பராமரிப்பாளர், மாதந்தோறும் வரும் பணம், கூப்பிட்டால் வந்து பார்க்கும் தொழில்நுட்ப நிறுவனம்.

சோதனையும் கசடும்

களச் சோதனைப் பெட்டியில் நீரில் உள்ள ஆர்சனிக்கை வாயுவாக மாற்றி, பாதரச புரோமைடு தோய்ந்த தாளில் படவிடுகிறார்கள். தாள் மஞ்சளிலிருந்து பழுப்புக்கு மாறும் அளவை அட்டையோடு ஒப்பிட வேண்டும். 50க்கு மேலா, கீழா என்று பிரிக்க இது போதும். 10 மைக்ரோகிராம் அளவில் கண்மதிப்பு தவறக்கூடும். எனவே ஊரில் அடிக்கடி களச் சோதனை, சில மாதங்களுக்கு ஒருமுறை மாவட்ட ஆய்வகத்தில் கருவிச் சோதனை என்ற இரட்டை ஏற்பாடு தேவை. முடிவு ஆலையின் சுவரிலேயே தேதியோடு எழுதப்பட வேண்டும்.

நீக்கிய ஆர்சனிக் எங்கே போகிறது என்பது திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் உள்ள நீரை நாளுக்கு 10,000 லிட்டர் சுத்திகரித்தால் தினமும் 2 கிராம், ஆண்டுக்கு 730 கிராம் ஆர்சனிக் சேரும். அது தனியாக வருவதில்லை. அதைப் போலப் பல மடங்கு இரும்போடும் நீரோடும் கலந்த கசடாக வருகிறது. அதைக் குளத்தில் கொட்டினாலோ சாணம், குப்பையோடு புதைத்தாலோ நிலத்தடியில் நடந்த அதே வினை மீண்டும் நடக்கும்: ஆக்ஸிஜன் தீரும், துரு கரையும், ஆர்சனிக் விடுபடும். லீஹை குழு இதற்காகவே கசடைக் காற்றுப் படும்படி அமைத்த பருமணல் தொட்டியில் சேமித்தது. சிமென்ட் கலவையில் சேர்த்து இறுக்குவது மற்றொரு வழி. ஊர்தோறும் தொட்டி, வட்டாரத்துக்கு ஒரு சேகரிப்பு நிலையம், கணக்குப் புத்தகம் ஆகியவை ஆலையின் விலையிலேயே சேர்க்கப்பட வேண்டும்.

பணம் எதற்குத் தரப்படுகிறது?

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஆர்சனிக், ஃபுளோரைடு பாதித்த ஊர்களுக்குக் குழாய்நீர் வரும்வரை, குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 8 முதல் 10 லிட்டர் தரும் சமுதாயச் சுத்திகரிப்பு நிலையங்களை இடைக்கால ஏற்பாடாக அனுமதித்தது. இந்த அளவுக் கணக்கு சரியானது. குளிக்கவும் துவைக்கவும் ஆகும் நீரிலிருந்து ஆர்சனிக்கை நீக்குவது வீண்செலவு. சோறு வடிக்கும் நீரை விட்டுவிடுவது ஆபத்து. பாசன நீர் வழியே அரிசியிலும் ஆர்சனிக் சேரும் பகுதிகளில் சமையல் நீராவது தூயதாக இருந்தாக வேண்டும்.

மாற வேண்டியது ஒப்பந்தத்தின் வடிவம். இத்தனை ஆலை நிறுவினோம் என்ற எண்ணிக்கைக்குப் பணம் தருவதை நிறுத்தி, சோதனையில் தேறிய ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் தரலாம். நிறுவும் நிறுவனமே குறைந்தது பத்தாண்டு நடத்தும் பொறுப்பை ஏற்க வேண்டும். சோதனை அந்த நிறுவனத்தின் கையில் இல்லாமல், அருகிலுள்ள கல்லூரியிடமோ மாவட்ட ஆய்வகத்திடமோ இருக்க வேண்டும். குடும்பச் சந்தா பராமரிப்பாளரின் சம்பளத்துக்குப் போதும். துகள் மாற்றுதல், கசடு அகற்றுதல், ஆய்வகச் சோதனை ஆகியவற்றின் செலவை ஊராட்சி மீதோ ஏழைக் குடும்பங்கள் மீதோ சுமத்த முடியாது. மருந்தில்லாத நோயைத் தடுக்கும் செலவு என்பதால் அது சுகாதாரச் செலவாகவே மாநில நிதிநிலை அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

எத்தனை காலத்துக்கு என்ற கேள்விக்குச் சிலி நாட்டின் அந்தோபகஸ்தா நகரில் விடை இருக்கிறது. 1958இல் அந்நகருக்குத் திருப்பப்பட்ட ஆற்றுநீரில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேல் ஆர்சனிக் இருந்தது. 1970இல் சுத்திகரிப்பு ஆலை வந்ததும் அளவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இறப்புகள் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் உயர்ந்தே இருந்தன. பன்னிரண்டு ஆண்டு குடித்த நீரின் விளைவு அது. வங்கச் சமவெளியின் பல ஊர்கள் அதைவிட நீண்ட காலம் குடித்திருக்கின்றன. ஐந்தாண்டுத் திட்டமாக வரையப்படும் எந்த ஆர்சனிக் நீக்கத் திட்டமும் இந்தக் காலக்கணக்குக்கு ஈடாகாது. ஒரு தலைமுறைக்கான நிதியும் ஆளும் ஒதுக்க முடியாத இடத்தில், ஆலையைத் தொடங்குவதைவிட ஆழ்கிணற்றுக்கோ ஆற்றுநீர்க் குழாய்க்கோ அந்தப் பணத்தைத் திருப்புவதே நல்லது.